ஒன்றே முக்கால் அங்குலம்

போன வருஷம் ஒரு ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது. ஊர் ஊராகப் போய்ப் பழைய பத்திரங்களையும் கடிதங்களையும் ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். மூன்று வருஷ உழைப்பில் பாதி அதோடு போயிற்று. மூலங்களை அப்போதே உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று. அதில் ஒரு வீட்டை இப்போது இடித்தே விட்டார்கள், காகிதங்கள் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. இனிமேல் வீட்டிலேயே ஒரு சர்வர், எதுவானாலும் இரண்டு பிரதி என்று முடிவு பண்ணினேன். அப்படித்தான் ரேக் விவகாரத்தில் மாட்டிக்கொண்டது.

கடையில் விற்கும் ரேக்கின் விலை கட்டுப்படியாகவில்லை. தெருமுனை வெல்டிங் பட்டறைக்குப் போய், "அண்ணே, ஆங்கிள்ல ஒரு ஸ்டாண்டு அடிச்சுக் குடுங்க" என்றேன். முகப்பு அகலம் 19 அங்குலம், அதாவது 482.6 மி.மீ. ஓர் அடுக்கின் உயரம், ரேக்காரர்கள் 'யூ' என்று சொல்வது, 44.45 மி.மீ. அதற்குள் மூன்று ஓட்டை. நான் புத்திசாலித்தனமாக மூன்றால் வகுத்து, 14.8 மி.மீ.க்கு ஒன்று என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து ஸ்விட்சை மாட்டினால் மேல் திருகு ஏறுகிறது. கீழே 2 மி.மீ. இடிக்கிறது.

ஓட்டைகள் சம இடைவெளியில் இருப்பதில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. 15.9, 15.9, பிறகு 12.7. இந்தக் கோணல் கணக்கைப் போட்டது யார் என்று தேடப்போய், கம்ப்யூட்டரே இல்லாத காலத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ஆரம்பம் தொலைபேசியில். கம்பி நீள நீளக் குரல் தேய்ந்துகொண்டே போகும். லீ டி ஃபாரஸ்ட் 1906இல் செய்த ஆடியான் என்ற வால்வின் உரிமையை ஏடி அண்ட் டி நிறுவனம் 1913இல் வாங்கியது. அங்கிருந்த ஹெரால்ட் அர்னால்ட் அதன் வெற்றிடத்தைச் சீராக்கி, குரலை வழியில் பெருக்கி அனுப்பும் 'ரிப்பீட்டர்' கருவிக்கு ஏற்றதாக மாற்றினார். 1915 ஜனவரி 25 அன்று நியூயார்க்கில் இருந்த கிரகாம் பெல், சான் பிரான்சிஸ்கோவில் இருந்த வாட்சனோடு பேசினார். இடையில் 5,000 கிலோமீட்டருக்கு மேல் கம்பி.

இந்த வெற்றியோடு வந்தது ஓர் இடப் பிரச்சினை. முதல் ரிப்பீட்டர்களை அலமாரித் தட்டிலும் மரப்பெட்டியிலும் கிடைத்த இடத்தில் வைத்திருக்கிறார்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சட்டம். நெடுந்தூர இணைப்புகள் பெருகப் பெருக எக்ஸ்சேஞ்ச் அறைகள் நிரம்பி வழிந்தன. 1922 வாக்கில் ஏடி அண்ட் டி பொறியாளர்கள் எல்லாவற்றையும் புதிதாக வடிவமைத்தார்கள். கருவிகளைத் தொழிற்சாலையிலேயே ஓர் உலோகப் பலகையில் பொருத்திவிடுவது. அந்தப் பலகையை இரண்டு செங்குத்துக் கால்களில் முடுக்குவது. அகலம் 19 அங்குலம். உயரம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் ஒன்றே முக்கால் அங்குலத்தின் முழு மடங்காக இருக்க வேண்டும். இன்று என் மேசைமேல் இருக்கும் ஸ்விட்சுக்கும் அதே அளவுதான்.

ஓட்டைக் கணக்குக்கும் காரணம் இருக்கிறது. பலகையின் மேல் விளிம்பிலிருந்து கால் அங்குலத்தில் ஒரு திருகு, கீழ் விளிம்பிலிருந்து கால் அங்குலத்தில் ஒரு திருகு. இரண்டு பலகை ஒட்டி வந்தால் நடுவே அரை அங்குலம். பலகைக்குள் மிச்சம் ஒன்றேகால். ஒன்றேகால், அரை, ஒன்றேகால், அரை என்று 1930களில் இது நிலைத்துவிட்டது. அந்த ஒன்றேகாலைச் சரிபாதியாக்கும் நடு ஓட்டை பின்னால் சேர்ந்தது. மில்லிமீட்டரில்தான் இது கோணல்!

மறுபடி பட்டறைக்குப் போனேன். இந்த முறை, "அஞ்சு நூல், அஞ்சு நூல், நாலு நூல்ணே" என்றேன். தச்சுப் பட்டறையிலும் வெல்டிங் பட்டறையிலும் அங்குலத்துக்கு எட்டு நூல் என்பது இன்னும் புழக்கத்தில் இருக்கிறதே. "இத முதல்லயே இப்படிச் சொல்ல வேண்டியதுதான தம்பி" என்று ஒரே மாலையில் புது ஆங்கிளில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

(ஐரோப்பாவில் சில பேர் இந்தத் தலைவலியே வேண்டாமென்று ஐகியாவின் 'லேக்' மேசையில் மாட்டிவிடுகிறார்கள். 55 செ.மீ. மேசை, இரண்டு பக்கமும் 5 செ.மீ. கால், நடுவே 45. ரேக்கின் உள்வாய் அகலமும் அதேதான். சும்மா அமைந்த பொருத்தம்.)

இனிமேல்தான் உண்மையான வில்லங்கம். அகலம் உண்டு, உயரம் உண்டு, ஓட்டை உண்டு. ஆழம்? தொலைபேசிக்காரர்களுக்கு அது ஒரு கேள்வியாகவே இருந்திருக்காது என்று நினைக்கிறேன். ரிலேயும் வால்வும் முன்பலகையைப் பிடித்துத் தொங்குபவை. பின்னால் எவ்வளவு நீட்டினால் என்ன, இரண்டு கால் போதும். சர்வர்கள் 1990களில் இதே ரேக்குக்குள் குடிவந்தபோது நீளமாகவும் கனமாகவும் வந்தன. நான்கு கால் தேவைப்பட்டது, தண்டவாளம் தேவைப்பட்டது. முகப்பு எல்லாருக்கும் ஒன்று, ஆழம் அவரவர் இஷ்டம் என்றாகிவிட்டது. நெட்வொர்க் ரேக் வாங்கி சர்வரை நுழைக்கப் பார்த்தவர்களுக்கு இந்த வலி தெரியும். நான் பழைய சாமான் கடையில் வாங்கிய சர்வரின் நீளம் 70 செ.மீ. நான் அடித்த ஸ்டாண்டின் ஆழம் 45.

கேபிளும் அதே வீட்டுப் பிள்ளைதான். இரண்டு கம்பியை முறுக்கி இரைச்சலைக் குறைக்கும் வித்தைக்கு பெல் 1881இல் காப்புரிமை வாங்கினார். 1990இல் 10பேஸ்-டி தரம் வந்து, ஈதர்நெட்டைத் தொலைபேசிக் கம்பி மாதிரியான அந்த முறுக்குக் கம்பிக்கு மாற்றியது. அது தனிக் கட்டுரைக்கு.

பட்டறை அண்ணன், ஓட்டை தப்பிப்போன முதல் இரண்டு ஆங்கிளையும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். அவற்றையே 25 செ.மீ. பின்னால் தள்ளி நிறுத்தி, குறுக்கே ஒரு பட்டை வைத்துப் பற்றவைத்தார். சர்வரின் வால் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. மிச்சமிருக்கும் பாதி ஸ்கேன்களுக்கு இரண்டாம் பிரதி ஓடிக்கொண்டிருக்கிறது. இதை எழுதும்போது 61 விழுக்காடு.