கரை மாறிய கணினிகள்: கேரளப் பள்ளிகள் விண்டோஸை விட்ட வரலாறு

வைப்பின் என்னும் பெயருக்குள் இருக்கும் சொல்லைத் தமிழர் தமிழ் என்பர். மலையாளிகள் மலையாளம் என்பர். இரண்டும் சரியே. வைப்பு என்றால் வைக்கப்பட்டது, சேர்ந்து படிந்தது. 1341இல் பெரியாற்றில் பெருகிய வெள்ளம் முசிறித் துறைமுகத்தைத் தூர்த்துக் கொச்சியின் அழிமுகத்தை அகலத் திறந்தது என்பதும், அப்போது படிந்த வண்டலே இத்தீவு என்பதும் வழிவழிச் செய்தி. அந்த ஆண்டைத் தொடக்கமாகக் கொண்ட ‘புதுவைப்பு’ என்றோர் ஆண்டுக்கணக்கும் கொச்சியில் வழங்கியது. 2004இல் கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்படும் வரை இத்தீவினர் எறணாகுளம் செல்லப் படகையே நம்பியிருந்தனர்.

பாலம் வந்த அதே ஆண்டுகளில் வைப்பினிலும் மட்டாஞ்சேரியிலும், ஏன், கேரளம் முழுவதிலுமுள்ள உயர்நிலைப் பள்ளிகளில் இன்னொரு கடப்பு நிகழ்ந்துகொண்டிருந்தது. மேசைமேல் இருந்த கணினி அதேதான். திரை, விசைப்பலகை, சுட்டி எதுவும் மாறவில்லை. உள்ளே இயங்கிய இயங்குதளம் மாறியது. விண்டோஸ் போய் குனூ/லினக்ஸ் வந்தது. இந்தியாவில் பொதுக்கல்வித் துறை ஒன்று இவ்வளவு பெரிய அளவில் ஒரு வகைக் கணினியிலிருந்து மற்றொரு வகைக்கு மாறி, மாறிய இடத்திலேயே நிலைத்தும்விட்டதற்குக் கேரளத்தை விஞ்சிய எடுத்துக்காட்டு இல்லை. இதை இடதுசாரி அரசின் கொள்கை முடிவு என்று ஒரே வரியில் எழுதிக் கடந்துவிடுவது வழக்கம். கொள்கைக்குப் பங்கு உண்டு. ஆனால் மாற்றத்தைத் திரும்பவியலாததாக ஆக்கியவை வேறு இரண்டு: ஒன்று தேர்வு, மற்றொன்று எழுத்து.

2001இல் யு.ஆர்.ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் தொடங்கப்பட்டது. உயர்நிலை வகுப்புகளில் தகவல் தொழில்நுட்பம் ஒரு பாடமாயிற்று. முதலில் வந்த பாடமும் ஆசிரியர் பயிற்சியும் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் மென்பொருள்களைச் சுற்றியே அமைந்திருந்தன. அன்றைய சூழலில் அது எவருக்கும் விந்தையாகத் தோன்றவில்லை. கணினி என்றாலே விண்டோஸ் என்றிருந்த காலம் அது.

எதிர்ப்பு எழுந்த இடம் கவனத்திற்குரியது. பொறியாளர்களுக்கு நிகராக, ஒருவேளை அவர்களினும் உரக்கப் பேசியவர்கள் பள்ளி ஆசிரியர்கள். கேரளப் பள்ளி ஆசிரியர் சங்கமான கே.எஸ்.டி.ஏ. எழுப்பிய வினா மிக எளியது: பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளியின் பாடநூல் ஒரு தனியார் நிறுவனத்தின் பயன்பாட்டுக் கையேடாக இருக்கலாமா? தட்டச்சு கற்பிப்பவர் விசையமைப்பைக் கற்பிப்பார், ரெமிங்டன் நிறுவனத்தை அன்று. கணினியில் மட்டும் கருவியும் வணிகப்பெயரும் பிரிக்கவொண்ணாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த ஒட்டைப் பிரிப்பதே ஆசிரியர்களின் கோரிக்கை.

அவர்களுக்கு ஒரு மாற்று கண்ணெதிரே இருந்தது. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டமும் 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட கருநிரலும் இணைந்து முழுமையான இயங்குதளமாக வளர்ந்திருந்தன. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளை 2001 ஜூலையில் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டபோது ஸ்டால்மன் நேரில் வந்திருந்தார். மூலநிரலைப் படிக்கலாம், மாற்றலாம், படியெடுத்துப் பிறருக்குத் தரலாம் என்ற உரிமைகள், பாடநூலை இரவல் கொடுத்துப் பழகிய ஆசிரியர்களுக்கு எளிதில் விளங்கின. ஒரே குறுந்தகட்டைப் பத்துப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்று நிறுவலாம், அது திருட்டாகாது.

இங்கே சொல் குறித்து ஒன்று கூற வேண்டும். ஆங்கிலத்தின் ‘ஃப்ரீ’ விலையின்மையையும் விடுதலையையும் ஒருங்கே குறிப்பது. அவ்வியக்கத்தார் நாற்பது ஆண்டுகளாக அந்த இரட்டைப் பொருளை விளக்கிக் களைத்துவிட்டனர். மலையாளத்தில் அந்தத் தொல்லை எழவில்லை. ‘ஸ்வதந்த்ர’ சாஃப்ட்வேர் என்றே அது தொடக்கத்திலிருந்து வழங்கிற்று. தமிழிலும் ‘கட்டற்ற மென்பொருள்’ என்ற நல்ல சொல் உண்டு. அச்சொல் தமிழகத்தில் அரசாணைகளுக்குள் எவ்வளவு தூரம் சென்றது என்பது வேறு கதை, அது பின்னர்.

2006இல் ஆட்சி மாறி வி.எஸ்.அச்சுதானந்தன் முதல்வராகவும் எம்.ஏ.பேபி கல்வி அமைச்சராகவும் வந்த பின் மாற்றம் விரைவுபெற்றது. 2007ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பக் கொள்கையிலும் கட்டற்ற மென்பொருளுக்கு முதன்மை தரப்பட்டது. எனினும் கொள்கை ஆவணங்களால் மட்டும் பள்ளிக் கணினிக்கூடங்கள் மாறிவிடுவதில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தகவல் தொழில்நுட்பத்திற்குச் செய்முறைத் தேர்வு உண்டு. மாணவர் கணினி முன் அமர்ந்து அதிலேயே விடையளிக்க வேண்டும். 2008இல் அத்தேர்வு முழுமையாகக் கட்டற்ற மென்பொருளில் நடத்தப்பட்டது. அதன் பிறகு எந்தப் பள்ளியும் விண்டோஸில் ஒட்டிக்கொண்டிருக்க வழியில்லை. தேர்வில் எது வருமோ அதுவே நம் நாட்டில் பாடத்திட்டம். சங்கத் தீர்மானங்களும் கொள்கை விளக்கங்களும் பல ஆண்டுகள் முயன்றதை ஒரு வினாத்தாள் ஒரே பருவத்தில் முடித்துவைத்தது.

அந்தப் பருவத்தின் சுமையை ஏற்றவர்கள் மீண்டும் ஆசிரியர்களே. முதன்மைப் பயிற்றுநர்கள் வெளியிலிருந்து அமர்த்தப்பட்ட வல்லுநர்கள் அல்லர். கணக்கும் இயற்பியலும் மலையாளமும் கற்பித்துக்கொண்டிருந்தவர்கள். அண்மையில்தான் பெரும்பாடுபட்டு விண்டோஸ் கற்றிருந்தவர்கள் அதை மறந்து புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்கெனவே ஒரு பதிப்பு உருவாக்கப்பட்டது. பின்னர் அது உபுண்டுவுக்கு மாறிற்று. அதில் அலுவலகச் செயலிகளோடு, வடிவியலுக்கு ஜியோஜீப்ரா, தனிம அட்டவணைக்குக் கால்சியம், விண்ணோக்கிற்குக் கே-ஸ்டார்ஸ் எனப் பாடங்களுக்குரிய மென்பொருள்கள் அமைந்தன. இதில் ஒரு தலைகீழ் மாற்றம் நிகழ்ந்தது. முன்பு கணினி ஒரு தனிப்பாடம். இப்போது கணக்கு ஆசிரியர் கணக்குக்காகவே கணினிக்கூடத்தின் சாவியைக் கேட்டு வரலாம் என்றாயிற்று.

இனி எழுத்து. மலையாள எழுத்துகளைத் தட்டச்சுப்பொறிக்குள் அடக்குவதற்காக 1971இல் கேரள அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. ஏறத்தாழ 900 வடிவங்கள் 90 அளவுக்குச் சுருக்கப்பட்டன. கூட்டெழுத்துகள் உடைக்கப்பட்டன; உகர, ஊகாரக் குறிகள் மெய்யிலிருந்து பிரித்து எழுதப்பட்டன. தமிழில் 1978இல் றா, ணை போன்ற சில வடிவங்கள் மாறியதற்கே எவ்வளவு வாதம் நடந்தது என்பதை அறிந்தவர்கள் மலையாளத்தில் நேர்ந்ததன் அளவை உணரலாம். தட்டச்சுப்பொறி ஒழிந்து கணினி வந்த பின்னும் அந்தச் சுருக்கம் நீடித்தது. கருவி போயிற்று, அதற்காக வெட்டிய வெட்டு மட்டும் நின்றது. 1999இல் ஆர்.சித்ரஜகுமார், கே.எச்.ஹுசைன் முதலியோர் தொடங்கிய ‘ரசன’ இயக்கம் இதைத்தான் கேட்டது: கணினிக்கு அந்த இடநெருக்கடி இல்லையே, பழைய வடிவங்கள் ஏன் திரும்பக் கூடாது?

கேள்வி சரி, ஆனால் அதற்கு விடை தரும் உரிமை யாரிடம் இருந்தது? மூடிய இயங்குதளத்தில் எழுத்துகள் கூடி உருமாறும் விதியைத் திருத்த வேண்டுமாயின் அதன் உரிமையாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். லினக்ஸில் பிழையைக் கண்டவரே திருத்தலாம். 2002இல் தோன்றிய ‘ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங்’ குழு செய்ததும் அதுவே. ஹுசைன் வடிவமைத்த ரசன, மீரா எழுத்துருக்கள் கட்டற்ற உரிமத்தில் வெளிவந்து பள்ளிக் கணினிகளை அடைந்தன. விண்டோஸிலும் மலையாளம் வரத்தான் செய்தது. தங்கள் மொழியின் எழுத்துக் கூடங்களைத் தாங்களே பழுதுபார்க்கும் வாய்ப்புத்தான் அங்கே இல்லை.

எல்லாம் இணக்கமாக நடந்ததாக எண்ண வேண்டா. சில்லெழுத்து வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. தமிழில் ன் என்பது னகரமும் புள்ளியும். அதற்கு மேல் சிக்கல் இல்லை. மலையாளத்தில் உயிரின்றி நிற்கும் ன, ர, ல, ள, ண ஆகியவற்றுக்குத் தனிவடிவம் உண்டு. அதைத் தனிக் குறியாக ஏற்பதா, மெய்யும் சந்திரக்கலையும் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறியும் சேர்ந்ததாகக் கொள்வதா? ‘வன் யவனிக’ என்றால் பெருந்திரை. ‘வன்ய வனிக’ என்றால் காடு சார்ந்த வேறு பொருள். இணைப்புக் குறி உதிர்ந்தால் கணினிக்கு இரண்டும் ஒன்றே என்பது தனிக்குறி கேட்டோரின் வாதம். ஏற்கெனவே எழுதியவற்றைத் தேடவியலாமல் போகும், ஒரே சொல்லுக்கு இரு குறியீட்டு வடிவங்கள் உண்டாகும் என்பது மறுத்தோரின் வாதம். 2008இல் யூனிகோடு 5.1 தனிக்குறிகளை ஏற்றது. மறுத்தோர் அஞ்சியதும் நடந்தது: இன்றும் மலையாளத் தேடலில் இரு வடிவங்களையும் கருத வேண்டியுள்ளது. மொழியியல் மாணவர்கள் ஒலியன், எழுத்தன் வேறுபாட்டைக் கற்க இதனினும் நல்ல பாடம் கிடைப்பது அரிது.

தமிழகத்திற்கு வருவோம். எல்காட் நிறுவனம் சி.உமாசங்கர் மேலாண் இயக்குநராக இருந்தபோது, கேரளப் பள்ளிகள் மாறிய அதே ஆண்டுகளில், தன் அலுவலகக் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2008இல் அவர் மாற்றப்பட்டார். முயற்சியின் வேகம் தணிந்தது. 2011இல் மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கும் திட்டம் வந்தது. முதல் ஆண்டுக்கு மட்டும் 9.12 லட்சம் கணினிகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. அவற்றில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அருகருகே நிறுவப்பட்டிருந்தன. கணினியைத் திறக்கும்போது எதில் நுழைவது என்பதை மாணவரே தேர்ந்தெடுக்கலாம். எந்த வகுப்புத் தேர்வும் லினக்ஸைக் கேட்காதபோது அத்தேர்வின் முடிவை ஊகிப்பது கடினமன்று. அத்திட்டத்தின் பெயர் ‘விலையில்லா மடிக்கணினி’. ஒரே ஆங்கிலச் சொல்லின் இரு பொருள்களுள் ஒன்றைக் கேரளப் பள்ளிகள் எடுத்துக்கொண்டன, மற்றதைத் தமிழகப் பள்ளிகள். இதைக் குறையாக மட்டும் கூறவும் இயலாது. முதல் கணினி வீட்டுக்குள் வந்த குடும்பங்களுக்கு விலையின்மை சிறிய செய்தி அன்று. கேரளத்துப் பிள்ளைகளின் கணினியோ பள்ளிக்கூடத்திலேயே இருந்தது.

செலவு மிச்சத்தைப் பற்றிய பேச்சும் உண்டு. ஐ.டி. அட் ஸ்கூல் 2017இல் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாயிற்று. பள்ளிகளிலுள்ள 2 லட்சம் கணினிகளால் ரூ.3,000 கோடி மிச்சம் என்று 2019இல் கூறப்பட்டது. ஒவ்வொரு கணினிக்கும் ரூ.1.5 லட்சம் பெறுமான உரிமங்களை அரசு வாங்கியிருக்கும் என்று கொண்டால்தான் இக்கணக்கு சரிவரும். எந்த அரசும் அப்படி வாங்கியிராது. மிச்சம் உண்மை, தொகை மிகை. பணத்தில் அளக்கவியலாத ஊதியம் ஒன்று உண்டு. தகவல் தொழில்நுட்பப் பாடநூல் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமன்றித் தமிழிலும் கன்னடத்திலும் வெளியாகிறது. இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் தமிழ்வழிப் பள்ளிப் பிள்ளைகள் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் கற்கிறார்கள்.

பள்ளி வாயிலுக்கு வெளியே நிலைமை வேறு. மாணவர் பள்ளியில் லினக்ஸில் பயின்று வீட்டில் விண்டோஸைத் திறந்தார். டி.டி.பி. கடைகள் பேஜ்மேக்கரை விடவில்லை. 2001இல் வந்த பதிப்போடு அதன் வளர்ச்சி நின்றுவிட்ட பிறகும் திருமண அழைப்பிதழ் முதல் நாளிதழ் வரை அதிலேயே உருவாயின. காரணம் சோம்பல் அன்று, பழைய எழுத்துருக்கள். அவற்றில் தட்டச்சு செய்த கோப்பில் மலையாளம் கிடையாது. ஆங்கில எழுத்துக் குறிகளே இருக்கும். எழுத்துரு அவற்றுக்கு மலையாள உருவைப் போர்த்திக் காட்டும். அந்த எழுத்துருவை நீக்கினால் ‘மலையாளம்’ என்ற சொல்லே பொருளற்ற ஆறு ஆங்கில எழுத்துகளாகச் சிதறும். தமிழிலும் டாம், டாப், டிஸ்கி எனப் பல குறியேற்றங்களின் காலத்தில் இதே நிலைதான். 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்ற பின்னும் பழைய கோப்புகள் பழையபடியே கிடந்தன.

2019இல் ‘ஜனயுகம்’ நாளிதழ் இந்தக் கட்டை அறுத்தது. பேஜ்மேக்கரைக் கைவிட்டு ஸ்க்ரைபஸ், கிம்ப், இங்க்ஸ்கேப் ஆகியவற்றுக்கு இதழ் முழுவதையும் மாற்றியது, இயங்குதளமும் லினக்ஸ். யூனிகோடிலேயே அச்சாகத் தொடங்கியதால் நேற்றைய செய்தியை இன்று தேடி எடுக்க முடிந்தது. அதற்கு எழுத்துரு வடிவமைத்தவர் அதே ஹுசைன்.

பழைய கோப்புகளை மீட்க ‘பய்யன்ஸ்’ என்றொரு மாற்றி உண்டு. ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் உருவாக்கியது; வி.கே.என். படைத்த பய்யனின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு பழைய எழுத்துருவுக்கும் எந்த ஆங்கிலக் குறி எந்த மலையாள வடிவம் என்ற அட்டவணையை ஒருவர் எழுதித் தர வேண்டும். தந்தால் அந்த எழுத்துருவில் உள்ள கோப்புகளெல்லாம் படிக்கத்தக்க மலையாளமாகும். அட்டவணை எழுதப்படாத எழுத்துருக்களில் கிடப்பவை, குறுந்தகடுகளில் படிந்த வைப்பாக, இன்னும் ஆங்கில எழுத்துகளாகவே இருக்கின்றன.