ஃபோர்க்குக்கும் எக்ஸெக்குக்கும் நடுவே: பாடத்திட்டத்தில் விடுபட்ட ஷெல்

சி மொழியில் எளிய ஷெல் எழுதக் கற்பிப்பதில் ஒரு வாய்பாடு நிலைத்துவிட்டது: வரியை வாசி, ஃபோர்க் செய், எக்ஸெக் செய், வெயிட்டில் நில். டைரக்டரியை மாற்றும் 'சிடி' போன்ற உள்கட்டளைகள் பின்னால் ஒட்டிக்கொள்ளும் விதிவிலக்குகளாம். என் வாசிப்பில் இந்த வரிசை தலைகீழானது.

சான்று, யுனிக்ஸின் வளர்ச்சி பற்றி டென்னிஸ் ரிட்சி 1979-இல் எழுதிய கட்டுரை. பிடிபி-7 கணினியில் தொடக்கத்தில் ஃபோர்க் கிடையாது. ஒரு டெர்மினலுக்கு ஒரே ப்ராசஸ். ஷெல் தன் இடத்திலேயே கட்டளையை ஏற்றும். அது முடிந்ததும் ஷெல்லின் புதுப் பிரதி வந்து அமரும். டைரக்டரியை மாற்றுவதும் ஒரு சாதாரணக் கட்டளைதான். அசெம்பிளியில் 27 வரிகளாக ஃபோர்க் நுழைந்ததும் அந்தக் கட்டளை பயனற்றுப்போனது. மாற்றம் சைல்டு ப்ராசஸுக்குள் நிகழ்ந்து அதனுடனேயே மறைந்தது. சோளிங்கரில் பெரிய மலைமேல் நின்றுகொண்டு, சின்ன மலைக்கு ஆளனுப்பினால் நம் கண்முன் காட்சி மாறுமா?

டைரக்டரி மாற்றம் மறைந்த இந்த நிகழ்வை ஒரு சுவையான பழங்கதையாகவே வாசிக்கத் தோன்றும். ஆனால் ரிட்சி அங்கே நிற்கவில்லை. ஷெல்லே தனக்குள் செய்ய வேண்டிய இதே தன்மை லாகினுக்கும் உண்டென்கிறார். பிறகு இன்னொரு பழுதைச் சொல்கிறார்: கட்டளைக் கோப்பு ஒன்றின் வெளியீட்டைத் திசைதிருப்பினால், முதல் கட்டளை எழுதியதன் மேலேயே இரண்டாவது எழுதியது. கோப்பில் எங்கே நிற்கிறோம் என்ற குறி ப்ராசஸுக்குள் இருந்ததே காரணம். அதைப் பொதுவான சிஸ்டம் டேபிளுக்கு மாற்றியபின்தான் சரியாயிற்று. இரண்டு பழுதிலும் பேரண்டும் சைல்டும் ஒன்றைப் பகிராததே சிக்கல்: ஒன்றில் டைரக்டரி, மற்றதில் கோப்பின் குறி. இரண்டையும் சேர்த்து வாசித்தால், எது பொது, எது தனி என்று தீர்மானிப்பதே ஷெல்லின் வேலை என்று கொள்ள இடமிருக்கிறது. நான் அப்படியே கொள்கிறேன்.

சோளிங்கரிலிருந்து பஸ் ஏறிப்போகும் பொறியியல் மாணவருக்கு இந்தப் புரிதல் கிடைத்ததா? அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷனில், ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ் லேப் (சிஎஸ்8461) ஃபோர்க், எக்ஸெக், வெயிட், ஸ்டாட், ஓப்பன்டிர் என அழைப்புகளைப் பட்டியலிட்டது. டைரக்டரியை மாற்றும் சிஎச்டிர் இல்லை, வெளியீட்டைத் திருப்ப உதவும் டூப்2 இல்லை. அடுத்த சோதனை சிபி, எல்எஸ், கிரெப் போன்றவற்றை சி-யில் எழுதுவது. அவற்றில் எதற்கும் ஃபோர்க் தேவையில்லை. 'ஷெல் புரோகிராமிங்' என்பதோ ஸ்கிரிப்ட் எழுதுவது. ஷெல்லைப் பயன்படுத்தவும் அதன் உறுப்புகளைத் தனித்தனியே தொடவும் மாணவர் கற்றார், ஷெல்லைக் கட்டவில்லை.

சில்பர்ஷாட்ஸின் ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ் பாடநூலில் ஷெல் புராஜெக்ட் இருக்கிறதே என்பார்கள். ரெக்கார்டு நோட்டில் ஏறாததை வைவாவில் யாரும் கேட்பதில்லை. சில அமைப்புகளில் 'சிடி' தனிக் கோப்பாகவே இருக்கிறதே என்பது வலுவற்ற மறுப்பு. அந்தக் கோப்பு தன் டைரக்டரியை மட்டுமே மாற்றிக்கொண்டு முடிகிறது.

ஆகவே அழைப்புகளைப் பயிலும் சோதனையில் சிஎச்டிரும் டூப்2-வும் சேர வேண்டும். முதலில் மாணவர் சிஎச்டிரைச் சைல்டுக்குள் வைத்து, பேரண்ட், சைல்டு இரு பக்கமும் நடப்பு டைரக்டரியைத் தரும் கெட்சிடபிள்யூடி-யை அச்சிட்டுப் பார்க்கட்டும். பிறகு ஃபோர்க் முடிந்து எக்ஸெக் வருமுன் டூப்2-வை வைத்து, எல்எஸ் வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பட்டும். எல்எஸ்ஸின் நிரலில் ஒரு வரிகூட மாறாமலே அது நடக்கும்.