எஞ்சின் தட்டல்

எஞ்சின் தட்டல் என்பது பெட்ரோல் எஞ்சினின் சிலிண்டருக்குள் உள்ள எரிபொருள்-காற்றுக் கலவையின் ஒரு பகுதி, தீச்சுடர் வந்தடையும் முன்பே தானாகப் பற்றி ஒரே கணத்தில் எரிவதால் ஏற்படும் நிகழ்வு ஆகும். தானுந்தை முடுக்கும்போதும் மேட்டில் ஏறும்போதும், தகரக் குவளையில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்குவது போன்ற ஒலி இதனால் எழுகிறது. பணிமனைகளில் இது "நாக்கிங்" என்றே வழங்கப்படுகிறது. உலோகத்தில் உலோகம் மோதும் ஒலி எனப் பலர் எண்ணுவதுண்டு. அது சரியன்று. வளிமத்தின் அழுத்த அலைகளே சிலிண்டர் சுவரை அதிரச் செய்கின்றன.

நிகழும் முறை

பிஸ்டன் மேல் முனையை எட்டுவதற்குச் சற்று முன்னரே ஸ்பார்க் பிளக் தீப்பொறியை உண்டாக்குகிறது. அங்கிருந்து சுடர் வெளிநோக்கிப் பரவுகிறது. எரிந்து விரியும் வளிமம், ஓரத்தில் எரியாமல் எஞ்சியுள்ள கலவையை நெருக்கிச் சூடாக்குகிறது. சுடர் வந்து சேரும்வரை அக்கலவை தாங்கினால் தட்டல் இல்லை. தாங்காவிடில் அது ஒருசேர எரிந்து அழுத்த அலைகளை எழுப்புகிறது. ஏறத்தாழ 85 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரில் இவ்வலைகளின் அதிர்வெண் 6 முதல் 7 கிலோ ஹெர்ட்ஸ் வரை இருக்கும்.

எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது கலவை தானாகப் பற்றுவதற்குக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. உயர் கியரில் மெதுவாகச் சென்றுகொண்டே ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தால் தட்டல் எளிதில் எழுவது இதனாலேயே. எப்போதாவது கேட்கும் மெல்லிய தட்டலால் தீங்கில்லை. கடுமையான தட்டல் நீடித்தால் பிஸ்டன் வளையங்களுக்கு இடைப்பட்ட மேடுகள் உடையலாம். பிஸ்டனில் துளையே விழவும் கூடும்.

அடையாளம் காணுதல்

ஒலி எஞ்சினின் சுமையைச் சார்ந்ததா, சுழற்சி வேகத்தைச் சார்ந்ததா என்பதே முதலில் அறிய வேண்டியது. தட்டல் சுமையைச் சார்ந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் நின்றுவிடும். கீழ் கியருக்கு மாற்றினால் குறையும். நிற்கும் வண்டியில் எஞ்சினை முடுக்கிப் பார்ப்பதால் பெரும்பாலும் பயனில்லை.

இதனுடன் அதிகம் குழப்பிக்கொள்ளப்படுவது புகைபோக்கி இணைப்பில் ஏற்படும் கசிவு. அதன் "டிக் டிக்" ஒலியும் சுமையின்போது மிகும். ஆனால் அது எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது உரக்கக் கேட்டு, உலோகம் சூடேறி விரிந்தபின் தணியும். கசியும் இடத்தில் கரிக்கறையும் காணப்படும். வெப்பத்தடுப்புத் தகடு தளர்ந்திருந்தால் ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில் மட்டும் கலகலக்கும், நிற்கும் வண்டியிலும்கூட. திருப்பத்தில் முடுக்கும்போது மட்டும் கேட்கும் சொடுக்கொலி, சக்கரத்தை இயக்கும் அச்சின் மூட்டிலிருந்து வருவது. கனத்த, ஆழமான இடியொலி சுழற்சி வேகத்தோடு சேர்ந்து மிகுந்தால் இணைப்புத் தண்டின் பேரிங் தேய்ந்திருக்கலாம். அந்நிலையில் வண்டியை உடனே நிறுத்தி எண்ணெய் அளவைப் பார்க்க வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் எஞ்சின் முழுவதுமே பழுதாகக்கூடும்.

சரிசெய்தல்

எளிய சோதனை, உயர் ஆக்டேன் பெட்ரோலை நிரப்பி ஓட்டிப் பார்ப்பது. ஒலி நின்றால் தட்டல் என்பது உறுதியாகிறது. ஆனால் பழுது நீங்கிவிட்டதாகாது. கையேட்டில் குறித்த ஆக்டேன் எண் இந்த எஞ்சினுக்கு ஏன் போதவில்லை என்பதைக் கண்டறிய வேண்டும். (அமெரிக்க நூல்கள் 87 எனக் குறிப்பதும் இந்தியாவில் 91 எனப்படுவதும் ஏறக்குறைய ஒரே தரமே. அளவிடும் முறைதான் வேறு.)

எஞ்சின் மிகையாகச் சூடாவது பொதுவான காரணம். தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். எரி அறையில் சேரும் கரிப்படிவு அழுத்த விகிதத்தைக் கூட்டுவதுடன் வெப்பத்தையும் தேக்குகிறது. காற்றுக் கசிவாலோ அடைபட்ட இன்ஜெக்டராலோ கலவையில் பெட்ரோல் குறைந்தாலும் தட்டல் எழும். புகையின் ஒரு பகுதியை எஞ்சினுக்குத் திருப்பும் வால்வு மூடிய நிலையில் சிக்கிக்கொள்வதும் உண்டு. டிஸ்டிரிபியூட்டர் உள்ள பழைய வண்டிகளில் பற்றவைப்பு நேரத்தை டைமிங் விளக்கால் சரிபார்க்கலாம். அந்நேரத்தை அளவுக்கு மீறித் தாமதப்படுத்தி ஒலியை அடக்குவது நல்ல வழியன்று: புகைபோக்கி சூடேறும், எரிபொருள் வீணாகும்.

தட்டல் உணரி

இன்றைய எஞ்சின்களில் சிலிண்டர் தொகுதியின்மீது பொருத்தப்பட்ட பீசோ மின் உணரி அதிர்வைக் கண்டறிகிறது. மின்னணுக் கட்டுப்பாட்டகம் உடனே பற்றவைப்பைச் சில பாகை தாமதப்படுத்தி, பின்னர் மெல்ல முன்னிலைக்குக் கொண்டுவருகிறது. ஆகவே தரம் குறைந்த பெட்ரோல் இத்தகைய வண்டியில் ஒலியைவிட இழுவைக் குறைவாகவே வெளிப்படும். தட்டல் தெளிவாகக் கேட்குமானால் உணரியையும் ஐயுற வேண்டும். உணரியின் திருகாணியைக் குறித்த முறுக்கு விசையில், பல எஞ்சின்களில் சுமார் 20 நியூட்டன் மீட்டரில், இறுக்காவிடில் அது சரியாக உணராது.

ஈயமும் தட்டலும்

1921 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் சார்லஸ் கெட்டரிங்கின் கீழ் பணியாற்றிய தாமஸ் மிட்ஜ்லி, டெட்ராஎத்தில் ஈயத்தைச் சிறிதளவு கலந்தால் தட்டல் அடங்குவதைக் கண்டார். எத்தனாலும் தட்டலைத் தடுக்கும் என்பது அப்போதே தெரிந்திருந்தது. ஆயினும் மிகக் குறைந்த அளவே தேவைப்பட்ட ஈயமே 1923 முதல் விற்பனைக்கு வந்தது. "எத்தில்" என்ற வணிகப் பெயரில் ஈயம் என்ற சொல் இடம்பெறவில்லை. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியிலுள்ள ஆலை ஒன்றில் இதைத் தயாரித்த தொழிலாளர்களில் ஐவர் ஈய நஞ்சால் இறந்தனர். விற்பனை சிறிது காலம் நிறுத்தப்பட்டு 1926இல் மீண்டும் தொடங்கியது.

வண்டிப் புகையில் வெளியேறிய ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதித்தது. வினையூக்கி மாற்றிகளையும் அது கெடுத்ததால் 1970களிலிருந்து படிப்படியாக விலக்கப்பட்டது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. தானுந்துகளுக்கு அதை விற்ற கடைசி நாடான அல்ஜீரியா 2021 சூலையில் விற்பனையை முடித்துக்கொண்டது. பிஸ்டன் எஞ்சின் பொருத்திய சிறு வானூர்திகள் பலவற்றின் பெட்ரோலில் இன்றும் ஈயம் கலக்கப்படுகிறது.