மூச்சும் குருதியும்: இமாம் இப்னுன் நஃபீஸ் கண்ட வழி

மினாராவின் படிகளில் ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. உழைப்பவை கால்கள், விரைபவையோ நுரையீரலும் இருதயமும். இஃது ஏன்? இவ்வெளிய வினாவுக்கு விடை காண மனிதகுலத்துக்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. அவ்விடையின் முக்கியமான ஒரு பகுதியைக் கண்டவர் ஷாபிஈ மத்ஹபின் ஆலிம் ஒருவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

மருத்துவ மேதை இப்னு ஸீனா (980–1037) தம் ‘அல்கானூன்’ நூலில் உடற்பயிற்சிக்குத் தனி இடம் தந்தார். ஆழ்ந்தும் அடுத்தடுத்தும் மூச்சுவிடச் செய்கின்ற, நாமாக விரும்பிச் செய்யும் அசைவே பயிற்சி என்பது அவர் வகுத்த இலக்கணத்தின் சாரம். விரைந்து நடத்தல், வில்லெய்தல், குதிரையேற்றம் முதலியவற்றை அவ்வகையில் எண்ணினார். பயிற்சியின் அடையாளத்தை மூச்சில் கண்டது அவரது நுண்ணறிவு. எனினும் இருதயத்துள் குருதி செல்லும் வழியைக் கூறுகையில், நம் கிதாபுகள் ஜாலீனூஸ் என்றழைக்கும் கேலனின் கொள்கையையே தழுவினார். வலது அறையிலிருந்து இடது அறைக்கு நடுச்சுவரின் நுண்துளைகள் வழியே குருதி கசிகிறது என்பது அக்கொள்கை.

இதனை மறுத்தவர் இமாம் இப்னுன் நஃபீஸ் அவர்கள். திமிஷ்கின் நூரி மருத்துவமனையில் பயின்று, கெய்ரோ சென்று, அங்கே மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் ஷாபிஈ பிக்ஹும் போதித்தவர்கள். ஏறத்தாழ முப்பது வயதில், 1242-இல், ‘அல்கானூன்’ கூறும் உடற்கூற்றுப் பகுதிக்கு ஒரு ஷரஹ் எழுதினார்கள். அச்சுவர் தடித்தது, கண்ணுக்குப் புலப்படும் துளையும் இல்லை, புலப்படாத துளையும் இல்லை, ஆகவே வலது அறையின் குருதி நுரையீரலுக்குச் சென்று, காற்றுடன் கலந்து, பின்னரே இடது அறையை அடைய வேண்டும் என்று அதில் நிறுவினார்கள். விரிவுரை எழுதும் மரபுக்குள் நின்றே, மூலநூலாசிரியரையும் அவருக்கு முந்திய ஆசானையும் மறுத்த துணிவு இது!

இங்கே மிகைப்படுத்தல் ஆகாது. குருதி உடல் முழுதும் சுற்றிவருகிறது என்று இமாமவர்கள் கூறவில்லை. அதை 1628-இல் மெய்ப்பித்தவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி. நுண்ணிய குருதிக் குழாய்களை 1661-இல் நுண்ணோக்கியில் கண்டவர் இத்தாலியரான மால்பிகி. அறிவு பலர் கைமாறி வளர்வது.

இன்று அவ்விடை தெளிவாகியுள்ளது. ஓய்வில் இருதயம் நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் குருதியைச் செலுத்துகிறது. கடும் உழைப்பில் அது 20 லிட்டரையும் தாண்டக்கூடும். ஓய்வில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பெறும் தசைகள், அப்போது ஐந்தில் நான்கு பங்கைப் பெறுகின்றன. அக்குருதி அனைத்தும் இமாமவர்கள் காட்டிய நுரையீரல் வழியே சென்று, கரிக்காற்றை விட்டு உயிர்க்காற்றை ஏற்றாக வேண்டும். எனவேதான் மூச்சு விரைகிறது. நாள்தோறும் பயின்ற இருதயம் ஒரு துடிப்பிலேயே மிகுதியாகச் செலுத்தும். ஆதலால் ஓய்வில் குறைவாகத் துடிக்கும்.

இமாமவர்கள் ஹிஜ்ரி 687-இல் (1288) மறைந்தார்கள். தம் இல்லத்தையும் நூல்களையும் கெய்ரோவின் மன்சூரி மருத்துவமனைக்கு உரிமையாக்கிச் சென்றார்கள். ஆயினும் அவர்களது கண்டுபிடிப்பு உலகறிய வெளிப்பட்டது 1924-இல்தான். ஜெர்மனியில் பயின்ற முஹ்யித்தீன் தத்தாவி எனும் எகிப்திய மருத்துவர், பெர்லின் நூலகத்துக் கையெழுத்துப் பிரதியைப் படித்து வெளிக்கொணர்ந்தார். நூல் தொலைந்துவிடவில்லை, படிப்பார்தாம் இல்லை! இமாம் சுப்கி அவர்களின் ‘தபகாத்’ நூல் ஷாபிஈ ஆலிம்களின் வரிசையில் இப்பெயரைக் குறித்திருந்தும், மத்ரஸாவில் ஓதிய நாட்களில் நாம் அதைக் கேட்டதில்லை.

முன்னோர் பெருமையைப் பேசுவது எளிது. அவர்களைப் போல் படிப்பதும், ஐயுறுவதும், ஆராய்வதுமே கடினம். நம் பிள்ளைகளுக்கு அப்பெயருடன் அத்துணிவையும் கற்பிப்போம். அடுத்த தெருப் பள்ளிவாசலுக்கு வாகனம் தேடும் நாம், உடல் இடங்கொடுக்கும் அளவு நடந்தும் செல்வோம். அந்நடையில் சற்றே விரையும் ஒவ்வொரு மூச்சும் அந்த மேதையை நினைவூட்டட்டும். அல்லாஹ் அவர்களுக்கு அருள்புரிவானாக!