பெரம்பலூர், அரியலூர் நகரங்களில் கழிவுநீர் மேலாண்மை: ஒரு வரலாற்று நோக்கு

பெரம்பலூரிலும் அரியலூரிலும் கழிவுநீரைக் குழாய்வழி சேகரித்துச் சுத்திகரிக்கும் ஏற்பாடு மிக அண்மைக் காலத்தது. தமிழகத்தின் பிற சிறு நகரங்களைப் போலவே இங்கும் குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் தெருவோரச் சாக்கடையில் ஓடின. உலர் கழிப்பிடங்களின் மலத்தை மனிதர்கள் கையால் அள்ளினர். அந்தக் கொடுமையைத் தடைசெய்யும் மத்திய அரசின் சட்டம் 1993இல்தான் வந்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவிகளின்றிச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆட்களை இறக்குவதையும் குற்றமாக்கியது.

கழிவுநீரின் அளவைப் பெருக்கியது குழாய்க் குடிநீர். 1971இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் அமைந்தது. பெயரில் குடிநீரும் வடிகாலும் சேர்ந்தே இருந்தாலும், சிறு நகரங்களுக்கு முதலில் போய்ச் சேர்ந்தது குடிநீர்தான். கொள்ளிடத்து நீர் வீடுகளுக்கு வந்தது. தண்ணீர் ஊற்றும் கழிப்பறைகள் பெருகின. வெளியேறும் நீருக்கு வழி அமையவில்லை. அந்த இடைவெளியைச் செப்டிக் டேங்க் நிரப்பியது.

செப்டிக் டேங்கில் கனமான கசடு அடியில் படியும். எண்ணெயும் நுரையும் மேலே மிதக்கும். நடுவிலிருந்து வழியும் நீரில் கரைந்த கழிவும் நோய்க்கிருமிகளும் அப்படியே இருக்கும். அதைத் தூய்மையாக்க வேண்டியது உறிஞ்சுகுழியைச் சுற்றியுள்ள மண். இவ்வட்டாரத்தின் சிக்கல் அங்குதான் இருக்கிறது. கரிசல் களிமண் நீரை எளிதில் உறிஞ்சாது. மழைக்காலத்தில் குழி நிரம்பி, கழிவு தெருச் சாக்கடைக்கே திரும்பும். கிரெட்டேசியஸ் காலத்துக் கடல் விட்டுச்சென்ற அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் பாறைகளிலோ நிலைமை நேர்மாறானது. வெடிப்புகளின் வழியே கழிவு வடிகட்டப்படாமலே விரைந்து நிலத்தடி நீரை எட்டக்கூடும். நாகப்பட்டினம் போன்ற கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீர்மட்டம் மேலேயே இருப்பதால் உண்டாகும் அதே கேடு, கடல் இல்லாத அரியலூரில் பாறையால் நேர்கிறது.

திருப்பம் நிர்வாகப் பிரிவினையால் வந்தது. 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001இல் தனி மாவட்டமான அரியலூர், 2002இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடி பிரிந்தது. மாவட்டத் தலைநகரங்களுக்குப் பாதாளச் சாக்கடை என்ற மாநில அரசின் கொள்கைப்படி இரு நகரங்களும் திட்டத்தில் இடம்பெற்றன. 2011 கணக்கெடுப்பில் பெரம்பலூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 50,000, அரியலூரின் மக்கள்தொகை 29,000. மண்ணின் தன்மையையோ கிணற்று நீரின் தரத்தையோ முதன்மை அளவுகோலாகக் கொண்டிருந்தால் ஊர்களைத் தேர்ந்த வரிசை வேறாக அமைந்திருக்கக்கூடும். தலைநகர்த் தகுதி இல்லையென்றால் அரியலூர் அளவிலான ஊர் நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்திருக்கும்.

பாதாளச் சாக்கடையின் உயிர்நாடி வீட்டு இணைப்பு. தெருவில் குழாயும் ஆள் இறங்கு குழியும் அமைத்துவிட்டால் போதாது. வீட்டுக் கழிவு அதில் சேர்ந்து, நீரேற்று நிலையம் வழியே சுத்திகரிப்பு நிலையத்தை எட்ட வேண்டும். அங்கே கழிவை உண்டு அழிப்பவை நுண்ணுயிர்கள். போதிய கழிவு வராவிட்டால் அவை நலியும். நிலையமும் திறன் குன்றும். இணைப்புக்கான வைப்புத்தொகையும் வீட்டுக்குள் குழாய் மாற்றும் செலவும் ஏழைக் குடும்பங்களுக்குப் பெருஞ்சுமை. இதைத் திட்டத்தின் ஓரச்செலவாகக் கருதுவது பெரும்பிழை. நிலையம் வெளியேற்றும் சுத்திகரித்த நீரில், எஞ்சிய கழிவின் அளவைக் காட்டும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை பெருநகரங்களில் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கும் பிற ஊர்களில் 30 மில்லிகிராமுக்கும் மேற்படக் கூடாது என 2017இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வரையறுத்தது.

பெரம்பலூர் மாவட்டத்தில் பாதாளச் சாக்கடை இல்லாத குரும்பலூர், அரும்பாவூர், பூலாம்பாடி, லெப்பைக்குடிக்காடு போன்ற பேரூராட்சிகளில் செப்டிக் டேங்கே நடைமுறை. அவற்றின் கசடை உறிஞ்சும் லாரிகள் ஓடையிலோ வயலோரத்திலோ கொட்டிச் செல்வதைத் தடுக்க, 2014இல் தமிழக அரசு கசடுக் கழிவு மேலாண்மைக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அருகிலுள்ள நகரத்தின் சுத்திகரிப்பு நிலையத்தில் சுற்றுவட்டார ஊர்களின் லாரிகள் கசடை இறக்குவது அதன் அடிப்படை. அத்தகைய நிலையம் எட்டாத இடங்களுக்குக் கசடு மட்டுமே சுத்திகரிக்கும் தனி நிலையங்கள் பின்னர் வந்தன. செங்கல்பட்டு வட்டாரத்தின் கருங்குழியில் அமைந்தது அவற்றுள் முன்னோடி.