நர்ஸம்மா முன்கூட்டியே சொன்னது

தடுப்பூசி வரலாறுன்னா எல்லாரும் ஜென்னர் டாக்டர்ல இருந்து ஆரம்பிப்பாங்க. நான் மாடு வளர்க்கிறவன், மாட்டுல இருந்தே ஆரம்பிக்கிறேன். இங்கிலாந்துல பசுவோட காம்புல வந்த கொப்புளம் பால் கறக்கிறவங்க கையில ஒட்டிக்கிட்டா, அவங்களைப் பெரியம்மை தொடாதுன்னு கண்டாங்க. அந்தக் கொப்புளத்து நீர்தான் முதல் தடுப்பு மருந்து. இந்தியாவுல 1802 ஜூன்ல, பம்பாயில ஒரு மூணு வயசுக் குழந்தைக்கு முதல்ல வச்சாங்க.

மருந்து வந்துடுச்சு. அதைத் தாய்மார்கிட்ட எப்படிச் சொல்றது? நம்ம பக்கம் அது நோயே இல்லைங்க, ஆத்தா இறங்கியிருக்கா. வாசல்ல வேப்பிலை செருகி, தாளிக்காம சமைச்சு, தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் அடங்கி இருப்பாங்க. ஆத்தாளையே தடுக்கிறேன்னு ஒருத்தன் கத்தியோட வந்தா எவ பிள்ளையை நீட்டுவா?

சென்னையில கலெக்டரா இருந்த எல்லிஸ் துரைக்கு (திருக்குறளுக்கு உரை எழுதினவர்தான்) இது புரிஞ்சிருக்கு. இந்த மருந்து பசு தர்ற அமுதம்னு சக்தியே தன்வந்திரிக்குச் சொல்ற மாதிரி தமிழ்ல ஒரு கதை எழுதினார். கெட்டிக்காரத்தனம்தான். ஆனா தாயோட பயம் வேற இடத்துல இருந்தது. அந்தக் காலத்துல ஒரு குழந்தை கையில எழும்பின கொப்புளத்தை எட்டாம் நாள் கீறி, அந்த நீரை அடுத்த குழந்தைக்கு வைப்பாங்க. புண்ணான கையை மறுபடி கீறணும்னா பெத்த வயிறு பதறாதா? எந்தச் சாதிப் பிள்ளையோட நீரோன்னு வேற பேச்சு. இதுக்கெல்லாம் கதையில ஏது பதில்?

அப்புறம் சட்டம் போட்டுப் பார்த்தாங்க. அம்மை குத்துறவர் வர்றார்னா பிள்ளையைத் தூக்கிக்கிட்டு சோளக்காட்டுக்குள்ள ஒளிஞ்ச கதையை எங்க அப்பத்தா சிரிச்சுக்கிட்டே சொல்லும். படிச்சவங்களும் பயந்தாங்க. ராஜாஜியே 1955ல பி.சி.ஜி. ஊசி வேணாம்னு எழுதினார். இருந்தாலும் 1975ல நாட்டுல பெரியம்மை அத்துப்போச்சு.

அதுக்கப்புறம் வந்த நர்ஸம்மாக்கள் பேசினதுதான் என் கணக்குல பெரிய மாற்றம். தொண்ணூறுகள்ல எங்க மூத்தவனுக்கு முத்தடுப்பு ஊசி போட்ட அம்மா, ஊசியை எடுக்கிறதுக்கு முன்னாடியே என் வீட்டுக்காரிகிட்ட சொன்னாங்க: "இன்னைக்கு ராத்திரி காய்ச்சல் அடிக்கும், தொடை கட்டிக்கும், தூங்க விடமாட்டான். பயப்படாத தாயி, இந்த மாத்திரையைக் கால்வாசி கரைச்சுக் குடு. ரெண்டு நாள்ல சரியாகலைன்னா என்கிட்ட வா." ராத்திரி அவங்க சொன்னபடியே காய்ச்சல் வந்தது. எங்கம்மா "நல்லா இருந்த பிள்ளைக்கு ஊசியைப் போட்டு..."ன்னு ஆரம்பிச்சாங்க. இவளோ, "அது வரும்னு சொல்லித்தான் போட்டாங்க அத்தே"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டா. அதே காய்ச்சல் சொல்லாம வந்திருந்தா அடுத்த ஊசிக்கு எங்க வீட்டுல யாரும் போயிருக்க மாட்டாங்க.

2008 ஏப்ரல்ல திருவள்ளூர் மாவட்டத்துல தட்டம்மை ஊசி போட்ட நாலு குழந்தைங்க இறந்து போச்சுங்க. அதுக்குப் பிறகு ஊருக்குள்ள வந்து போடுறது போய், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிட்டுப் போகணும்னு ஆச்சு. பாதுகாப்புக்காகத்தான், தப்புன்னு சொல்லலை. ஆனா பச்ச உடம்புக்காரி பஸ் ஏறிப் போய் வரிசையில நின்னா, அங்க உட்கார்ந்து பேச யாருக்கு நேரம்? தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்க. 2005-06ல தமிழ்நாட்டுல 100க்கு 81 குழந்தைங்க எல்லா ஊசியும் போட்டிருந்தாங்க. 2015-16ல அது 70 ஆச்சு. காரணம் பல இருக்கும். வாசல்ல நின்னு பேசின ஆள் தூரமாப் போனதும் அதுல ஒண்ணுன்னு நான் நினைக்கிறேன்.

2017 பிப்ரவரியில தட்டம்மை-ரூபெல்லா ஊசி வந்தப்போ அந்த இடத்துல வாட்ஸ்ஆப் உட்கார்ந்திருந்தது. யார் பேசினதுன்னே தெரியாத ஒரு குரல், "போடாதீங்க"ன்னு ஊர் ஊரா சுத்தினது. நிறைய பெற்றோர் பயந்து பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பலை. கடைசித் தேதியைத் தள்ளிவைக்க வேண்டியதாப் போச்சு.

2019-21 கணக்கெடுப்புல 89க்கு ஏறியிருக்கு. இப்ப எங்க ஊருக்கு வர்ற நர்ஸம்மாவுக்கு முப்பது வயசுதான் இருக்கும். போன மாசம் என் மருமக போன்ல வந்த ஒரு வீடியோவை அவங்ககிட்ட காட்டினா. அந்தப் பொண்ணு கோவிச்சுக்கலை. ஓரமா உட்கார்ந்து முழுசாப் பார்த்துட்டு, "இதுல உனக்கு எது பயமா இருக்கு, அதை மட்டும் கேளு"ன்னு சொல்லிச்சு.