நடந்தால் கால் வலி, நின்றால் சரியாகிடுதா? தொப்பைக்கும் இதுக்கும் என்ன தொடர்பு?

கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும். சில நிமிஷம் நின்றால் சரியாகிவிடும். மறுபடி நடந்தால் மறுபடியும் வலி. 'வெயிட் போட்டுட்டோம், அதான்' என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால், கால் தமனிகளில் அடைப்பு இருந்தாலும் இப்படித்தான் வலிக்கும்.

என்ன நோய் இது?

'புறத் தமனி நோய்' என்பது மருத்துவப் பெயர். தமனியின் உள்சுவரில் கொழுப்பு படிந்து பாதை குறுகிவிடுகிறது. நடக்கும்போது தசைக்குக் கூடுதல் ரத்தம் தேவை. அது கிடைக்காததால்தான் வலி.

எடைக்கு என்ன பங்கு?

எடை மெஷின் காட்டும் நம்பர் மட்டும் போதாது. கொழுப்பு எங்கே சேர்ந்திருக்கு என்று பார்க்க வேண்டும். வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு, இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. சர்க்கரை, பி.பி., டிரைகிளிசரைடு ஏறும்; நல்ல கொழுப்பு குறையும். இவை எல்லாம் சேர்ந்து தமனியைப் பாதிக்கும். சிகரெட்டும் இருந்தால் ஆபத்து பல மடங்கு.

ஒல்லியாகத் தெரிபவருக்கும் தொப்பையும் சுகரும் இருந்தால் கவனம் தேவை. இந்தியர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. இடுப்புச் சுற்றளவு என்பதே எச்சரிக்கைக் கோடு.

வலியே இல்லைன்னா?

சிக்கலே இங்கேதான். சர்க்கரை நோயால் பாத நரம்புகள் மரத்துப்போனால் வலி தெரியாது. ஆறாத புண்தான் முதல் அறிகுறியாகவே இருக்கலாம். பாதம் சில்லென்று இருப்பது, நிறம் மாறுவது ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கணுக்காலிலும் கையிலும் பி.பி. பார்த்து ஒப்பிடுவார்கள். ஊசி கிடையாது. கணுக்கால் அளவை கை அளவால் வகுத்தால் 0.90 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு இருப்பதாக அர்த்தம். நீண்ட நாள் சுகர் உள்ளவர்களுக்குத் தமனி கெட்டிப்பட்டு, அளவு நார்மலாகவே காட்டலாம். அவர்களுக்குக் கால் விரலில் அழுத்தம் பார்ப்பதோ, டாப்ளர் ஸ்கேனோ தேவைப்படும்.

என்ன செய்யலாம்?

நடைதான் முக்கிய சிகிச்சை. வலி வரும்வரை நடந்து, நின்று, வலி போனதும் மறுபடி நடக்க வேண்டும். டாக்டர் ஆலோசனையுடன் வாரம் 3 நாளாவது, குறைந்தது 12 வாரம் தொடர்ந்தால் வலியில்லாமல் நடக்கும் தூரம் கூடும். புண் இருந்தாலோ, படுத்திருக்கும்போதே வலித்தாலோ முதலில் டாக்டரைப் பார்ப்பதுதான் சரி. கால் திடீரென வெளுத்து, சில்லிட்டு, கடுமையாக வலித்தால் அது எமர்ஜென்சி; உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காலில் அடைப்பு இருப்பவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்தும் அதிகம். அதனால் கால் வலிதானே என்று தள்ளிப்போடாமல், டாக்டரிடம் கேட்டு இதயத்தையும் சேர்த்தே பரிசோதித்துக்கொள்வது நல்லது.